ரப்பர் பட்டறை விற்பனை: மேஸ்திரி கைக்குள்ள இருக்கறதுக்கு என்ன ரேட்டு போடறது?

காலடிப்பேட்டை_ரப்பர்:
எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர்ல அப்பா ஆரம்பிச்ச சின்ன ரப்பர் மோல்டிங் யூனிட் எங்களுது. ஆயில் சீல், இன்ஜின் மவுண்டிங், கப்ளிங் புஷ், காசிமேடு போட்டுங்களுக்குக் கடல்தண்ணி பம்ப் இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தற ரப்பர் இறக்கைச் சக்கரம்), இதான் ஓட்டம். ஒரு மிக்ஸிங் மில், மூணு பிரஸ், ராக்கு ராக்கா மோல்டு. பதினாலு பேர் வேலை பாக்கறாங்க.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கற ஒரு பார்ட்டி யூனிட்ட மொத்தமா கேக்கறாங்க. அவங்க ஆள் வந்து பாத்துட்டு ஒரு ஷீட் அனுப்பினார். மில்லுக்கு இவ்ளோ, பிரஸ்ஸுக்கு இவ்ளோ, ஸ்டாக்குக்கு இவ்ளோ. மோல்டுக்கு கிலோ ரேட்டு! டை ஸ்டீல காயலான் கடைக்கணக்குல எடை போட்டிருக்கார். சரி, பேரம்தானேன்னு படிச்சிட்டே வந்தா, கடைசி வரியில ஒரு கண்டிஷன்: ஃபோர்மேன் குறைஞ்சது ரெண்டு வருஷம் தொடர்ந்து இருக்கணும்.

அந்த ஃபோர்மேன நாங்க மேஸ்திரின்னுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டிட்டார். காம்பவுண்டு, அதாவது ரப்பரும் மருந்துங்களும் சேத்த கலவை, முழுக்க அவர் கை. அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனா ரிஜெக்‌ஷன் எகிறிடும். ஷீட்ல அவருக்கு ஒரு பைசா விலை இல்ல, ஆனா அவர் இல்லேன்னா டீலே இல்லயாம்.

இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு எப்படி விலை சொல்றது? அவர்கிட்ட இருக்கறத கம்பெனிக்குள்ள எப்படிக் கொண்டு வர்றது? நாளைக்கே அவர் எதிர்க்கடைக்குப் போய்ட்டா என்ன பண்ணலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மிண்ட்_ஆடிட்டர்:
முதல்ல ஒரு விஷயம். உங்க பேலன்ஸ் ஷீட்ல இது எதுவும் இல்லாததுக்கு உங்க கணக்குப்பிள்ளை காரணம் இல்ல. கணக்கு எழுதறதுக்கான ஏஎஸ் 26 விதிப்படி நீங்களே வளர்த்த பேரு, கஸ்டமர் லிஸ்ட், குட்வில்ங்கற தொழில் நற்பெயர், இதையெல்லாம் சொத்துன்னு புத்தகத்துல ஏத்தவே கூடாது. பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் 38லயும் இதே கதைதான். வெளியில காசு கொடுத்து வாங்கினா மட்டும் ஏத்தலாம். அதனாலதான் முப்பது வருஷம் உழைச்சு எடுத்த பேருக்குப் பூஜ்யம், போன மாசம் வாங்கின ஏசிக்கு ஒரு லைன்.

ஆனா விக்கும்போது கதை மாறுது. மெஷின், ஸ்டாக்குக்கு மேல அவங்க தர்ற தொகை அவங்க புத்தகத்துல ஏதாவது ஒரு பேர்ல உக்காரணும். குட்வில்னு உக்காந்தா 2021 நிதிச் சட்டத்துக்கு அப்புறம் வருமான வரியில தேய்மானம் கிடையாது. தொழில்நுட்ப அறிவு, வணிகக்குறின்னு தனியா உக்காந்தா 25 சதவீதம் தேய்மானம் எடுத்துக்கலாம். அப்போ உங்க ஃபார்முலாவுக்கு ஒழுங்கா ஒரு பட்டியல் போட்டு, அதுக்குன்னு ஒரு விலை சொன்னா அவங்களுக்கும் லாபம். பேரத்துல இது உங்க கையில இருக்கற துருப்பு.

உங்க பக்கம் ஒரு இடி இருக்கு, அதையும் சொல்லிடறேன். சொந்தமா உருவாக்கின இந்த மாதிரி சொத்துக்கு வாங்கின விலை பூஜ்யம்னுதான் சட்டம் எடுத்துக்கும். 2023ல இருந்து ஏறக்குறைய எல்லா ரகத்துக்கும் அப்படித்தான். வர்ற தொகை முழுசும் மூலதன ஆதாயம்னு வரிக்கு வரும். பிரிச்சுப் போடறதா, மொத்தமா ஒரே விலையில விக்கறதான்னு ஆடிட்டரோட உக்காந்து ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

காசிமேடு_டீசல்:
அண்ணே, இம்பெல்லர் மேட்டருன்னதும் உள்ள வந்தேன். பஜார்ல விக்கறத போட்டா பாதி சீசன்ல இறக்கை கிழிஞ்சு இன்ஜின் சூடேறிடும். நடுக்கடல்ல நின்னா யாரு பதில் சொல்றது? நம்ம ஆளுங்க எல்லாரும் வாங்கறது ஒரே எடம்தான். ஒங்க கம்பெனி பேரு இன்னான்னு எனக்கு இப்பவும் தெரியாது. "மேஸ்திரி இம்பெல்லர்"னு கேப்போம், குடுப்பாங்க. அது ஒங்க கடைதானா?

காலடிப்பேட்டை_ரப்பர்:
ஆமாங்க, அது நம்ம கடைதான். ஆனா பில்லுல, கவர்ல எல்லாம் அப்பா வெச்ச பேர்தான் இருக்கு. மேஸ்திரி பேர்ல ஓடுதுன்னு இப்பதான் கேள்விப்படறேன்.

தண்டையார்பேட்டை_எம்பிஏ:
இதத்தான் அறிவுசார் மூலதனம்னு சொல்றாங்க. ஸ்வீடன்ல ஸ்கேண்டியான்னு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. 1994ல ஆண்டறிக்கையோட இதுக்குன்னே தனி இணைப்பு போட்டாங்க. லெய்ஃப் எட்வின்சன்கறவர்தான் பொறுப்பு. இந்தத் துறையில பொதுவா மூணா பிரிப்பாங்க. ஆளுங்ககிட்ட இருக்கறது மனித மூலதனம். ஆளுங்க வீட்டுக்குப் போன அப்புறமும் ஆபீஸ்ல மிச்சம் இருக்கறது, அதாவது ஃபைல், மோல்டு, வேலைமுறை, சாஃப்ட்வேர் எல்லாம் அமைப்பு மூலதனம். கஸ்டமர், சப்ளையர் நம்பிக்கை உறவு மூலதனம்.

உங்க கேஸ்ல மனித மூலதனம் முழுக்க ஒரே ஆள்கிட்ட. உறவு மூலதனமும் அவர் பேர்லயே ஓடுது. அமைப்பு மூலதனம்னு பாத்தா மோல்டு மட்டும்தான், அதையும் கிலோ ரேட்டுக்குக் கேக்கறாங்க. வாங்கறவன் முட்டாள் இல்ல.

மிண்ட்_ஆடிட்டர்:
தம்பி, மூணா பிரிச்சது சரி. ஆனா இவ்ளோ அழகா அறிக்கை போட்ட ஸ்கேண்டியாவையே 2006ல ஓல்ட் மியூச்சுவல் வாங்கிட்டாங்க. அறிக்கை நல்லா இருந்தா கம்பெனி நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்ல.

தண்டையார்பேட்டை_எம்பிஏ:
சார், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் 😀

எண்ணூர்_சப்ளையர்:
ரெண்டாவது கேள்விக்கு வரேன். நானும் வண்டிக் கம்பெனிகளுக்கு ஃபேப்ரிகேஷன் பண்றவன், ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று வெச்சிருக்கேன். 2015 பதிப்புல 7.1.6னு ஒரு பிரிவு. நிறுவனத்துக்குத் தேவையான அறிவு என்னன்னு கண்டுபிடிச்சு, பாதுகாத்து, வேணுங்கறவங்களுக்குக் கிடைக்கற மாதிரி வெக்கணும்னு சொல்லுது. நம்ம பக்கம் இதுக்கு என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆடிட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி கன்சல்டன்ட் ஒரு ஃபைல் தருவார், அதுல வேற கம்பெனி பேரை அழிச்சு நம்ம பேர் போட்டிருக்கும்.

என் கடையில வேலைக்கு ஆனது ரிஜெக்‌ஷன் நோட்டு மட்டும்தான். எல்லா கடையிலும் அந்த நோட்டு உண்டு; தேதி, பீஸ் நம்பர், எத்தனை போச்சு, அவ்ளோதான் எழுதுவாங்க. நான் அதுல ஒரு கட்டம் சேத்தேன்: யார் சரி பண்ணாங்க, என்ன பண்ணாங்க, ஏன். அந்த "ஏன்"ல ரெண்டு வரி எழுதாம நோட்டு மூடக்கூடாது. முதல் ஆறு மாசம் "சரி செய்யப்பட்டது"ன்னே எழுதிட்டிருந்தானுங்க. நான் விடல. இப்ப புதுப் பசங்க முதல்ல புரட்டறதே அந்த நோட்டத்தான்.

மேஸ்திரிகிட்ட போய் "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. நாலு பக்கம் வரும், அதுல ஒண்ணுமே இருக்காது. தப்பு நடக்கற எடத்துல பக்கத்துல நின்னு ஏன்னு கேளுங்க.

தண்டையார்பேட்டை_எம்பிஏ:
இதுக்கு ஜப்பான்ல நல்ல உதாரணம் இருக்கு. 1980கள்ல மட்சுஷிட்டா வீட்டுல ரொட்டி சுடற மெஷின் பண்ணும்போது மாவு சரியா பிசையவே வரல. எக்ஸ்ரே எடுத்துக்கூட பாத்தாங்க. கடைசில ஒரு பெண் சாஃப்ட்வேர் பொறியாளர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல் தலைமை ரொட்டி மாஸ்டர்கிட்ட உதவியாளா சேந்து வேலை கத்துக்கிட்டாங்க. அவர் மாவ இழுக்கும்போது கூடவே முறுக்கறார்னு அவங்க கண்ணுலதான் பட்டுது. அப்புறம் மெஷினுக்குள்ள விசேஷமா விளிம்பு வெச்சு அந்த முறுக்க கொண்டு வந்தாங்க.  

டை_செட்டர்_மணலி:
எல்லாம் படிச்சேன். மேஸ்திரி மூளையில இருக்கறத எப்படி எடுக்கறதுன்னு ஆளாளுக்கு ஐடியா குடுக்கறீங்க. எடுத்துக் குடுத்தா அவருக்கு என்ன கெடைக்கும்னு ஒருத்தர்கூட கேக்கல.

நான் டை செட்டிங், அதாவது பிரஸ்ல அச்ச மாட்டி சரி பண்ற வேலை பாக்கறவன். பழைய எடத்துல "எழுதி வெய்ப்பா, பசங்களுக்குச் சொல்லிக்குடுப்பா"ன்னாங்க. மனசார சொல்லிக்குடுத்தேன். பசங்க தேறினதும் என் ஓவர்டைம் கட்டு. அப்புறம் எந்த மடையன் சொல்லிக்குடுப்பான்? இப்ப இருக்கற எடத்துல நான் ஷிம் தகடு வெச்சு டைய சரி பண்ற கணக்கு என் பாக்கெட் டைரியிலதான் இருக்கு. யாராவது எட்டிப் பாத்தா மூடிடுவேன். சொல்லவே வெக்கம் இல்ல எனக்கு.

காலடிப்பேட்டை_ரப்பர்:
> அவருக்கு என்ன கெடைக்கும்னு ஒருத்தர்கூட கேக்கல

தம்பி, நாங்க அப்படி நடத்தினதே இல்ல. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு அப்பா கடன் குடுத்தார், வட்டி வாங்கல. பொங்கலுக்குத் துணி, தீபாவளிக்கு போனஸ், எதுவும் தவறினதில்ல. குடும்பத்துல ஒருத்தர் மாதிரிதான் பாக்கறோம்.

டை_செட்டர்_மணலி:
குடும்பத்துல ஒருத்தர்னா பங்கு இருக்கும் அண்ணா. பாகம் பிரிக்கும்போது துணி குடுத்து அனுப்ப மாட்டாங்க.

காசிமேடு_டீசல்:
தம்பி வெச்சான் பாரு 😂

பெரம்பூர்_கோச்:
பெரியவன் ஒருத்தன் குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். ஐசிஎஃப் ரயில்பெட்டி ஃபாக்டரில வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். எங்க ஃபாக்டரிக்கு டிசைன் வந்தது சுவிட்சர்லாந்துல இருந்து. ஸூரிச் பக்கம் ஷ்லீரன்ல இருந்த கம்பெனியோட 1949ல ஒப்பந்தம். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து திறந்து வெச்சார். நாங்க சேரும்போது எங்களுக்கு மேல இருந்த பெருசுங்க அந்த முதல் செட்டுகிட்ட நேரா தொழில் படிச்சவங்க. ட்ராயிங் எல்லாம் ஒழுங்கா அடுக்கி வெச்சிருந்தாங்க, ஒரு மில்லிமீட்டர் பிசகாது. ஆனா பக்கச்சுவர் தகட்ட வெல்டு பண்ணினா அங்கங்க உப்பிக்கும். அத நேராக்கறதுக்கு ட்ராயிங்ல வழி இல்ல. டார்ச்சால புள்ளி புள்ளியா சூடு காட்டி, உடனே தண்ணி விட்டு, மரச்சுத்தியல்ல தட்டி இழுக்கணும். எந்தப் புள்ளியில எவ்ளோ நேரம்கறது தகட்டோட நிறத்தப் பாத்து வர்றது. எனக்கு அத கத்துக்குடுத்தவர் பக்கத்துலயே நிக்க வெச்சார், டார்ச்ச என் கையில தரவே ரொம்ப நாள் ஆச்சு.

ஆனா இன்னொண்ணும் சொல்றேன். 2018ல பழைய மாடல் கோச்சு கட்டறத நிறுத்திட்டு முழுக்க எல்ஹெச்பிங்கற ஜெர்மன் டிசைன் கோச்சுக்கு மாறிட்டாங்க. அது துருப்பிடிக்காத எஃகு, வேற வெல்டிங், வேற மெஷின். நான் உயிரக் குடுத்துக் கத்த பாதி வேலைக்கு இப்ப அங்க அவ்ளோ தேவை இல்ல. அதுக்காக நான் அழல. பசங்க வந்தே பாரத் கட்டறானுங்க. நீங்களும் மேஸ்திரிகிட்ட இருக்கற எல்லாத்தையும் காப்பாத்தணும்னு ஓடாதீங்க. எந்தப் பீஸ் இன்னும் பத்து வருஷம் ஓடும்னு முதல்ல பாருங்க.

மட்டுறுத்துநர்:
"பிராண்ட் மதிப்பு சான்றிதழ் 3 நாளில்" விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. தொடருங்க.

பாரிமுனை_வக்கீல்:
மூணாவது கேள்வி என் ஏரியா.

வேலைய விட்டுப் போறவர "நீ எதிர்க்கடையில சேரக்கூடாது"ன்னு ஒப்பந்தம் போட்டாலும் நிக்காது. 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு, தொழில் செய்யறதத் தடுக்கற ஒப்பந்தம் செல்லாது. வேலையில இருக்கற காலத்துக்கு மட்டும் கட்டுப்பாடு போடலாம், அத சுப்ரீம் கோர்ட் 1967லயே ஏத்துக்கிட்டது. ஆனா அதே பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு: குட்வில்ல விக்கறவர், குறிப்பிட்ட எல்லைக்குள்ள அதே தொழில் பண்ண மாட்டேன்னு ஒத்துக்கலாம். அதாவது வாங்கற பார்ட்டி உங்களக் கட்டிப் போட முடியும், மேஸ்திரியக் கட்ட முடியாது. இது அவங்க வக்கீலுக்கும் தெரியும். அதனாலதான் ரெண்டு வருஷ கண்டிஷன உங்க தலையில வெக்கறாங்க. "ஃபோர்மேன் இருப்பார்"னு நீங்க உத்தரவாதம் குடுத்துடாதீங்க. அவர் போனா காசு உங்ககிட்ட திரும்பக் கேப்பாங்க.

ஃபார்முலா ரகசியம் வேற விஷயம். நம்ம நாட்டுல வணிக ரகசியத்துக்குன்னு தனிச் சட்டம் இன்னும் இல்ல. சட்ட ஆணையம் 2024ல 289ஆவது அறிக்கையில ஒண்ணு கொண்டு வரச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் ஒப்பந்தமும் நம்பிக்கை மீறலும்தான் ஆயுதம். கோர்ட்ல நிக்கணும்னா அது உண்மையிலேயே வெளியில தெரியாததா இருக்கணும், அதனால காசு வரணும், நீங்க அத பாதுகாத்திருக்கணும். செவுத்துல ஒட்டி வெச்சிட்டு ரகசியம்னு கேஸ் போட்டா ஜட்ஜ் சிரிப்பார். இன்னொண்ணு, ஒரு ஆளோட கைத்திறமை அவரோடதுதான். கம்பெனி ஃபார்முலா வேற, மில்லு ஓட்டற அனுபவம் வேற. அனுபவத்த எந்தக் கோர்ட்டும் புடுங்காது.

அப்புறம் பேரு. "மேஸ்திரி இம்பெல்லர்"னு காசிமேடு முழுக்க தெரிஞ்சும் வணிகக்குறி பதிவு பண்ணலயா? கிண்டி ஆபீசுக்கு நேர்ல போகக்கூட வேணாம், ஆன்லைன்லயே ஆகிடும். சிறு நிறுவனம்னா ஒரு வகைக்கு 4,500 ரூபா கட்டணம், பதிவு பத்து வருஷம், அப்புறம் புதுப்பிச்சிட்டே போகலாம். ஆனா மேஸ்திரிங்கறது தொழில்ல எல்லாரும் புழங்கற பேரு, ஒருத்தருக்கே தனியா தர்றது கஷ்டம். ஒரு படம், எழுத்துன்னு சேத்துப் போடுங்க. அவர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

திருவொற்றியூர்_புல்லட்:
பேரு விஷயத்துல ஒரு சின்ன சேதி. நம்ம ஊர்ல வளந்த ராயல் என்ஃபீல்ட எடுத்துக்கங்க. புல்லட் டேங்க் மேல அந்த தங்கக்கோடு கையால போடறது. ஸ்டென்சில் கிடையாது, பிரஷ எடுத்து ஒரே இழுப்பு. கம்பெனி அந்த ஆளுங்கள மறைச்சு வெக்கல, முன்னாடி நிறுத்தி இதான் எங்க பெருமைன்னு காட்டறாங்க. ரகசியம்னு பூட்டறது ஒரு வழின்னா இது இன்னொரு வழி. வீடியோவ எத்தனை தடவ பாத்தாலும் உங்களால அந்தக் கோட்ட இழுக்க முடியாது.

வியாசர்பாடி_ஜங்ஷன்:
பி அண்ட் சி துணிமில்ல 1996ல மூடினாங்க. நிலத்துக்கு விலை பேசத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் வந்தாங்க. அந்தக் காக்கிக்கு சாயம் ஏத்தின கைங்கள யாரும் கணக்கெடுத்த மாதிரி தெரியல. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

காலடிப்பேட்டை_ரப்பர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். எண்ணூர் அண்ணன் சொன்னபடி ஸ்டூல் போட்டு மில்லு பக்கத்துல உக்காந்தேன். நடந்தத அப்படியே எழுதறேன், கொஞ்சம் நீளம்.

எங்க ஃபைல்ல எல்லா காம்பவுண்டுக்கும் எடை இருக்கு. நூறு பங்கு ரப்பருக்கு கார்பன் எவ்ளோ, ஆயில் எவ்ளோ, கந்தகம் எவ்ளோன்னு. அப்பா கையெழுத்து. அது இருந்தா போதும்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தோம். மேஸ்திரி இல்லாதப்ப ஹெல்பர் பையன் அதப் பாத்துதான் போடுவான், அப்பதான் ரிஜெக்‌ஷன்.

அன்னிக்கு ஓடினது நைட்ரைல் ரப்பர், ஆயில் சீலுக்கு. ரப்பர் ரோலர்ல படிஞ்சு பட்டையானதும் முதல்ல கந்தகத்தத் தூவினார். நான் "மேஸ்திரி, கந்தகம் கடைசிலதான போடணும்?"னேன். ஹெல்பர் எப்பவும் கடைசிலதான் போடுவான். அவர் திரும்பிக்கூட பாக்காம சொன்னார்: "அது நேச்சுரல் ரப்பருக்கு தம்பி. அதுல முன்னாடியே போட்டா மில்லுலயே வெந்துடும். இதுல கந்தகம் லேசுல கரையாது, முன்னாடியே போட்டு நல்லா ஓட விடணும். ஆக்ஸிலரேட்டர மட்டும் கடைசிக்கு வெச்சுக்கோ." (ஆக்ஸிலரேட்டர்னா ரப்பர சீக்கிரம் வேக வெக்கற மருந்து.) அப்ப இம்பெல்லருக்குன்னு கேட்டேன். அதுக்குப் போடற நியோப்ரீன் ரப்பர்ல மெக்னீசியம் ஆக்ஸைடு முதல்ல, ஜிங்க் ஆக்ஸைடு கடைசியில. மத்த ரப்பர்ல ஜிங்க் ஆக்ஸைடு ஆரம்பத்துலயே போயிடும்.

ஃபைல்ல எடை இருக்கு, வரிசை இல்ல. ஹெல்பர் எல்லாத்துக்கும் ஒரே வரிசையில போட்டிருக்கான். பாவம், அவனத்தான் திட்டிட்டிருந்தோம்.

இது எழுதக்கூடியது, அன்னிக்கே எழுதிட்டேன். எழுத முடியாததும் நிறைய பாத்தேன். புறங்கைய ரோலர் பக்கம் கொண்டு போய்ப் பாத்துட்டு தண்ணி வால்வத் திருப்பறார். மே மாசத்துல தொட்டித் தண்ணியே சுடும், அப்ப பேட்ச சின்னதாக்கிடறார். ஷீட்ட கத்தியால இடமும் வலமும் வெட்டி மடிச்சுப் போடும்போது உள்ள மாட்டின காத்து படபடன்னு வெடிக்குது. அந்தச் சத்தம் குறையற விதத்த வெச்சு "ஆச்சு"ங்கறார். எனக்கு அந்த வித்தியாசம் கேக்கல. ஹெல்பருக்குக் கொஞ்சம் கேக்குதாம்.

எண்ணூர்_சப்ளையர்:
அந்த ஹெல்பரப் புடிச்சு வெச்சுக்கங்க. அவன்தான் உங்க அடுத்த மேஸ்திரி.

காலடிப்பேட்டை_ரப்பர்:
இன்னும் முடியல. டீ குடிக்கும்போது, இதெல்லாம் எங்கயாவது எழுதி வெக்கலாமா மேஸ்திரின்னு கேட்டேன். "எழுதிதான் வெச்சிருக்கேன்"னார்! வீட்டுல ஒரு கணக்கு நோட்டு. எந்த காம்பவுண்டு எந்த மாசம் எப்படி நடந்துச்சு, எந்த சப்ளையர் கார்பன் மாறினப்போ என்ன மாத்தினார், எல்லாம். தெலுங்குல. எனக்குப் பேச வரும், படிக்க வராது.

மணலி தம்பி சொன்னது மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. நேரடியாவே கேட்டேன், நோட்டுக்கு என்ன வேணும்னு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, கூச்சமே இல்லாம சொன்னார். அந்த நோட்டுப்படி ஓடற ஒவ்வொரு கிலோ காம்பவுண்டுக்கும் ஒரு தொகை, முதலாளி யாரா இருந்தாலும், பத்து வருஷத்துக்கு, பத்திரத்துல. அவர் இல்லேன்னா வீட்டம்மாவுக்கு. ரொம்ப நாளா யோசிச்சு வெச்ச கணக்கு மாதிரிதான் இருந்துச்சு.

வக்கீல் சார், அந்த நோட்டு சட்டப்படி யாருது?

பாரிமுனை_வக்கீல்:
சண்டை போடணும்னா போடலாம். வேலையில இருக்கும்போது வேலைக்காக எழுதினதுக்கு முதல் பதிப்புரிமை முதலாளிக்குன்னு பதிப்புரிமைச் சட்டம் சொல்லுது. அவர் வேலை காம்பவுண்டு போடறதுதானே, நோட்டு எழுதறது இல்லயேன்னு எதிர்த்தரப்பு வாதாடும். நீங்க ஜெயிச்சாலும் கையில தெலுங்கு நோட்டு ஒண்ணுதான் இருக்கும், விளக்கிச் சொல்ல ஆள் இருக்க மாட்டார். அவர் கேக்கறது நியாயமான ராயல்டி. ஒப்பந்தம் எழுதுங்க. நோட்டுல இருக்கற தொழில்நுட்ப அறிவ கம்பெனிக்கு மாத்தறதா, பதிலுக்கு கிலோவுக்கு இவ்ளோன்னு. யூனிட் கை மாறினா வாங்கறவரும் இந்தக் கடமைய ஏத்துக்கணும்னு விற்பனை ஒப்பந்தத்துலயே போடணும், மேஸ்திரியையும் ஒரு தரப்பா கையெழுத்துப் போட வெச்சு. தமிழ்லயும் ஒரு பிரதி எழுதி அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.

மிண்ட்_ஆடிட்டர்:
அருமை. இப்ப ஷீட்ல ஒரு லைன் வந்துடுச்சு பாருங்க. விலை சொல்றதுக்கு எளிமையான வழி இருக்கு. உதாரணத்துக்கு, பஜார் இம்பெல்லர் 100 ரூபாய்க்கு விக்குது, உங்களுது 130 போகுதுன்னு வைங்க. அந்த 30ல மெட்டீரியல் கூடுதல் செலவு 10 போனா மிச்சம் 20 இந்த அறிவாலயும் பேராலயும் வருது. வருஷத்துக்கு எத்தனை பீஸ், இன்னும் எத்தனை வருஷம் ஓடும், மேஸ்திரி ராயல்டி போக எவ்ளோ நிக்கும்னு போட்டு, வருங்காலப் பணத்த இன்னைக்கு மதிப்புக்குக் குறைச்சா ஒரு தொகை வரும். அது துல்லியமா இருக்காது, ஆனா கிலோ ரேட்டுக்குப் பதிலா பேச ஒரு காகிதம் ஆச்சு. மேஸ்திரி வேலையில இருக்கறவரைக்கும் இந்தப் பணத்த சம்பளத்தோட சேத்துக் காட்ட வேண்டி வரலாம். அத ஒப்பந்தம் எழுதறதுக்கு முன்னாடியே தீத்துக்கங்க.

மோல்டுக்கும் இதே மாதிரி பண்ணுங்க. எந்த மோல்டுல போன மூணு வருஷம் எவ்ளோ ஆர்டர் வந்துச்சுன்னு பில்லுல இருந்து எடுங்க. ஆர்டர் வர்ற மோல்டு தனி லிஸ்ட், வராதது கிலோ ரேட்டுக்கே போகட்டும்.

டை_செட்டர்_மணலி:
ஹெல்பருக்கு?

காலடிப்பேட்டை_ரப்பர்:
அவனுக்கு மில் ஆப்பரேட்டர்னு ஆர்டர், பிஎஃப்போட. மேஸ்திரியும் அதத்தான் கேட்டார். பத்திரத்துல இன்னொரு வரி சேக்கச் சொன்னார்: பையன் தனியா போடற பேட்ச் தொடர்ந்து ஒரு மாசம் பாஸானா, சொல்லிக்குடுத்ததுக்கு அவருக்குத் தனியா ஒரு தொகை. நான் சரின்னுட்டேன்.

டை_செட்டர்_மணலி:
பெருசு விவரமான ஆளு. அந்த பத்திரம் மாதிரி ஒண்ணு இருந்தா பேர் எல்லாம் அழிச்சிட்டு இங்க போடுங்க அண்ணா. எங்க முதலாளிகிட்ட காட்டணும்.

காலடிப்பேட்டை_ரப்பர்:
வக்கீல் முடிச்சுத் தந்ததும் போடறேன்.

வாங்கற பார்ட்டிகிட்ட நேத்து பேசினேன். ரெண்டு வருஷ உத்தரவாதம் தர மாட்டேன், அதுக்குப் பதிலா இந்த ஒப்பந்தமும் நோட்டோட தமிழ் பிரதியும் வரும், ராயல்டிய நீங்க ஏத்துக்கணும்னேன். தொழில்நுட்ப அறிவுன்னு தனி லைன் போட அவங்க ஆடிட்டருக்கே ஆசை இருக்கு, அதுல தகராறு இல்ல. பத்து வருஷம் அதிகம், அஞ்சுக்கு இறங்குங்கன்னாங்க. அது என் கையில இல்ல, மேஸ்திரிகிட்ட பேசுங்கன்னுட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை அவர நேர்ல பாக்க வர்றாங்க. மோல்டு விஷயத்துல மட்டும் இன்னும் கிலோலயே நிக்கறாங்க. பில்லு எல்லாம் எடுத்துட்டிருக்கேன்.

காசிமேடு_டீசல்:
அண்ணே, யாரு வேணா வாங்கட்டும் யாரு வேணா விக்கட்டும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில ஏறிடும், எல்லாரும் அப்பதான் பம்ப அவுப்பாங்க. அதுக்குள்ள இம்பெல்லர் ஸ்டாக் வேணும். பழைய மேஸ்திரி போட்டதா, புது பையன் போட்டதான்னு பெட்டி மேல எழுதிக் குடுங்க, எது தாங்குதுன்னு நாங்க சொல்றோம்.